சின்ன இணையதளத்துக்கு ஹோஸ்டிங் பிடிக்கும் முன்

ஹோஸ்டிங் என்பது இணையதளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம். “எந்த ஹோஸ்டிங் நல்லதுங்க?” என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விளம்பரத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். மாதம் நூறு ரூபாய்க்கும் கீழே, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) இலவசம், எல்லாமே அன்லிமிடெட். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்து எப்படிக் கிளம்புவீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் எந்தக் கம்பெனியில் தொடங்கினாலும் பெரிய நஷ்டம் வராது. பதில் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு (ஆந்திரச் சித்தூர் வேறு) இதை விளக்குவது எளிது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்தில் பாதிச் சொந்தம் கோயமுத்தூரிலும் பொள்ளாச்சியிலும் இருக்கும். 2015 ஜூலைக்கு முன்பு கேரள நம்பரை வைத்துக்கொண்டே தமிழ்நாட்டு வட்டத்துக்கு மாற முடியாது. நாடு முழுவதற்குமான நம்பர் போர்ட் வந்த பிறகுதான் நம்பர் நம்முடையது, டவர் யாருடையதாக இருந்தால் என்ன என்று ஆனது. டொமைன் உங்கள் நம்பர். ஹோஸ்டிங் கம்பெனி வெறும் டவர். இது மனதில் பதிந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

இரண்டு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்கள், கோயில் நோன்புப் பாட்டுகள், தன் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்க ஆசைப்படுகிறார். இன்னொருவர் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் நாலு பக்கம், காய் வரும் மாதங்களில் விலையை மாற்றிப்போட ஒரு இடம், ஒரு போன் நம்பர். அவருக்கு அவ்வளவு போதும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

எதையும் வாங்கும் முன் மூன்று விஷயங்களை எழுதுங்கள். என்ன போடப்போகிறீர்கள்? யார் மாற்றுவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள்?

இடத்தைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கணினியில் ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட் பிடிக்கும். ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று 30 கேபி அளவுதான் வரும். வாத்தியார் ஐந்நூறு கட்டுரை எழுதினாலும் மொத்தம் 15 எம்பி. போனில் எடுத்து அப்படியே ஏற்றும் நாலைந்து படங்கள் அதே இடத்தைத் தின்றுவிடும். ஆகவே இடத்தை விழுங்குவது எழுத்தல்ல, படம். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து ஏற்றினால் ஒரு படம் 200 கேபிக்குள் அடங்கும், போனில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பேண்ட்வித், அதாவது பார்ப்பவர்களுக்குத் தளத்திலிருந்து போகும் தரவு, அந்தக் கணக்கும் இப்படித்தான். ஒரு பக்கம் 1 எம்பி, தினம் நூறு பேர், ஆளுக்கு மூன்று பக்கம் என்றால் மாதத்துக்கு 9 ஜிபி. தொடக்கத்தில் தினம் நூறு பேர் வந்தாலே பெரிய காரியம். எனவே “அன்லிமிடெட்” என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

டொமைனைத் தனியாக வாங்குங்கள்

“ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் முதல் வருடம் இலவசம்” என்பார்கள். முதல் வருடம் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் வருடம் அதே டொமைனுக்கு வெளிச்சந்தையைவிடக் கூடுதலாகக் கேட்கும் இடங்கள் உண்டு. ஹோஸ்டிங் கணக்கில் தகராறு வந்தால் பெயரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். டொமைன் ஒரு கம்பெனியிலும் ஹோஸ்டிங் வேறொரு கம்பெனியிலும் இருப்பதே சின்ன ஆட்களுக்குப் பாதுகாப்பு. இரண்டு பாஸ்வேர்டு நினைவில் வைப்பது ஒன்றுதான் இதில் சிரமம்.

டாட் காமா, டாட் இன்னா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டாட் இன் பதிவேட்டை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்துகிறது. அது அங்கீகரித்த பதிவாளர்களில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். தமிழிலேயே “.இந்தியா” என்று முடியும் பெயரும் கிடைக்கிறது. ஆசையாக இருக்கும், தெரியும். ஆனால் பல இடங்களில் அதை ஒட்டும்போது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடுகிறது, மின்னஞ்சலிலும் தொல்லை. அதை இரண்டாவது பெயராக வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள், போதும்.

யார் பெயரில் பதிவாகிறது என்பதுதான் இங்கே உயிர்நாடி. அட்சயா மையத்தில் (கேரள அரசின் இணைய சேவை மையம்) உட்கார்ந்து செய்தாலும், அக்கா பையன் செய்துகொடுத்தாலும், பதிவுப் பெயரும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், அவன் பழைய மின்னஞ்சல் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களுக்கு உதவுவது மிகக் கடினம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாகவும் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த முகவரியும் சேர்ந்து நின்றுவிடும், நினைவூட்டல் கடிதம் எங்கே வந்து சேரும்?

டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோகாது. பதிவாளரைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் தனிக் கட்டணம் கறப்பார்கள். கடைசியாக 5 நாள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆட்டோ ரினியூவல் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், முறைப்படி மேண்டேட் (முன் ஒப்புதல்) பதிவு செய்யாத தொடர் கட்டணங்களைக் கார்டு வங்கிகள் மறுத்துவிடுகின்றன. வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் தானாகப் பணம் போகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். யுபிஐ வாங்கிக்கொள்ளும் பதிவாளர் வசதி. அதோடு, பத்து நாள் முன்பே அடிக்கும்படி போனில் ஓர் அலாரம்.

காசில்லாமல் நடக்குமா?

பலருக்கு நடக்கும். இதைச் சொன்னால் ஹோஸ்டிங் விற்பவர்களுக்குப் பிடிக்காது.

வாத்தியாருக்கு உண்மையில் பிளாகர் என்ற இலவச வலைப்பதிவுச் சேவை போதும். 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது, சொந்த டொமைனை இணைக்கலாம், எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அழகு கொஞ்சம் குறைவு, இருக்கட்டும். மருமகனோ பேத்தியோ கொஞ்சம் கணினி தெரிந்தவராக இருந்தால் அடுத்த வழி, கிட்ஹப் பேஜஸ் அல்லது கிளவுட்ஃபிளேர் பேஜஸ். வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாகத் தயாரித்து ஏற்றிவிட வேண்டும். கிட்ஹப்பில் ஒரு தளம் 1 ஜிபிக்குள்ளும் மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள்ளும் இருக்கச் சொல்கிறார்கள். கிளவுட்ஃபிளேரில் ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. நோன்புப் பாட்டு ஒலிப்பதிவு நீளமாக இருந்தால் இங்கே இடிக்கும், அதை யூடியூபில் ஏற்றி இணைத்துவிடலாம். இப்படிப்பட்ட தளத்தில் டேட்டாபேஸ் (பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) கிடையாது, அப்டேட் தொல்லை கிடையாது, உடைத்து நுழையவும் பெரிதாக ஒன்றுமில்லை.

மாந்தோப்புக்காரர் கவனிக்க: கிட்ஹப் பேஜஸை இலவசக் கடையாக நடத்த விதி இடம் தராது. பொருளை விற்றுப் பணம் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இலவசம் என்றால் ஒருநாள் மூடிவிட மாட்டார்களா என்று கேட்பது நியாயம்தான். ஒரு காலத்தில் உலகமே வீடு கட்டிக் குடியிருந்த ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. டொமைன் உங்களுடையது, நகல் உங்கள் பென்டிரைவில் என்றால் மூடட்டும். அடுத்த வாரம் வேறு இடத்தில் அதே பெயரில் நிற்பீர்கள். பயப்பட வேண்டியது, படங்களை இழுத்துப்போட்டு அடுக்கும் சில தளத் தயாரிப்பு சேவைகளைப் பார்த்துத்தான். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் செய்த தளத்தை முழுதாக வெளியே எடுக்க வழி வைத்திருக்க மாட்டார்கள். சேரும் முன் உதவிப் பக்கத்தில் “எக்ஸ்போர்ட்” என்று தேடிப் பாருங்கள்.

காசு கொடுப்பதென்றால் எதைப் பார்ப்பது

மாந்தோப்புக்காரர் போனிலிருந்தே விலையை மாற்ற வேண்டும். விசாரிப்புப் படிவம் வேண்டும், மூன்று மொழி வேண்டும். அவருக்கு வேர்ட்பிரஸ் (தளத்தை எழுதித் திருத்த உதவும் மென்பொருள்) பொருந்தும். அதற்கு ஷேர்டு ஹோஸ்டிங் போதும், அதாவது ஒரே சர்வரை (தளங்களை வைத்திருக்கும் கணினி) பலர் பகிர்ந்துகொள்வது. விபிஎஸ், கிளவுட் என்று தனி சர்வர் வகைகளை யாராவது சொன்னால் “சர்வருக்கு அப்டேட் யார் போடுவது?” என்று கேளுங்கள். நீங்கள்தான் என்பது பதிலானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விலைப் பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்தில் உள்ள ரினியூவல் விலையைத் தேடுங்கள். மலிவு விலை பெரும்பாலும் மூன்று நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பட்டியலில் மாதம் 99 என்றிருப்பது, 48 மாதத்துக்கு ஒரே தவணையில் 4,752, வரியோடு சுமார் 5,607 ரூபாய். அது முடிந்ததும் புது விலை. தெரியாத கம்பெனிக்கு நான்கு வருடப் பணத்தை யாராவது முன்கூட்டியே கொடுப்பார்களா? ஒரு வருடத்துக்கு மேல் கட்டாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அது கிளம்பும் உரிமைக்கான விலை.

அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் விதிமுறைப் பக்கத்தில் “ஐநோட்” என்று ஓர் எண் ஒளிந்திருக்கும். எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற வரம்பு அது. வேர்ட்பிரஸ் நிறுவினாலே சில ஆயிரம் கோப்புகள் வந்துவிடும். ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் அது பல அளவுகளில் பிரதிகள் செய்யும். அதே கணக்கில் வரும் மின்னஞ்சல்களும் கோப்பாகவே எண்ணப்படும். இடம் மீதமிருந்தும் “நிறைந்துவிட்டது” என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

99.9 சதவீத அப்டைம் (தளம் நிற்காமல் ஓடும் நேரம்) என்பது 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். மாம்பழம் விற்கும் தளத்துக்கு அது பொருட்டே அல்ல. இதை வைத்துக் கம்பெனிகளை ஒப்பிடுவதில் பயனில்லை, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பத்து வருடமாக அதை இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். படிப்பவர்கள் கொழிஞ்சாம்பாறையிலும் கோவையிலும் இருக்கும்போது பக்கம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் அங்கே போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். மும்பை என்றால் அதில் சிறு பங்குதான். வீட்டுக்குக் கேரள அரசின் கேஃபோன் ஃபைபர் இணையம் வந்துவிட்டவர்கள் இதைப் பெரிதாக உணர மாட்டார்கள். எல்லையோரத் தோப்பில் ஒரு கோடு சிக்னலில் திறப்பவருக்குத்தான் உறைக்கும்.

வாங்கும் முன் அவர்களின் உதவிக் குழுவுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக. “ஐநோட் வரம்பு எவ்வளவு, பேக்கப்பை நானே இறக்கிக்கொள்ள முடியுமா?” காசு வாங்குவதற்கு முன்பே சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறவர்கள் வாங்கிய பிறகு எப்படி இருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழுக்கென்று சில சோதனைகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். திரையில் அழகாகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக 9 எழுத்தாக மாறியிருக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். “கொழிஞ்சாம்பாறை” என்ற ஒரு சொல்லே 14 குறி, 126 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்த முகவரிக்கு ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்து. “முதலமடை மாம்பழத் தோட்டம்” என்று வைத்தால் சரியாக 200 வந்து முட்டி நிற்கும். இன்னொரு சொல் சேர்த்தால் வால் வெட்டுப்படும். அதே முகவரியை வாட்ஸப்பில் ஒட்டும்போது அரைத் திரைக்கு நீளும். எனவே தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சின்ன ஆங்கில எழுத்துகளில் நீங்களே தட்டிவிடுங்கள். முதல் நாளிலேயே செய்ய வேண்டியது இது. பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் உடையும்.

இரண்டாவது, டேட்டாபேஸ். ஹோஸ்டிங்கில் அது யூடிஎஃப்8-எம்பி4 என்ற எழுத்துச் சேமிப்பு வகையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணத் தமிழும் மலையாளமும் பழைய யூடிஎஃப்8 வகையிலேயே அடங்கும். ஆனால் வாத்தியாரின் பத்திரங்களில் முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் வருகின்றன. அவை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரம்) 2019இல்தான் தமிழ்ச் சேர்க்கைத் தொகுதியாக இடம்பிடித்தன, ஒவ்வொன்றும் 4 பைட். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் பழைய வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. இமோஜிக்கும் இதே கதைதான். வேர்ட்பிரஸ் 2015இலிருந்தே இந்தப் புதிய வகையை ஆதரிக்கிறது. பழைய சர்வரிலிருந்து பேக்கப்பை மாற்றி ஏற்றும்போதுதான் சிக்கல் வரும். எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது என்றால் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு.

சோதிக்க எளிய வழி: தமிழ், மலையாளம், ஒரு பின்னக் குறி, ஓர் இமோஜி நான்கையும் ஒரே பதிவில் போட்டுச் சேமியுங்கள். பேக்கப் எடுங்கள், பதிவை அழியுங்கள், பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். நான்கும் அப்படியே திரும்பி வந்தால் அந்த ஹோஸ்டிங் தமிழுக்குத் தேறியது. பின்னக் குறிக்கு எழுத்துரு இல்லாத போனில் கட்டம் தெரியலாம், அது வேறு விஷயம், சர்வரின் பிழை அல்ல.

மின்னஞ்சல்

சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மின்னஞ்சலில் ஒரு சிக்கல்: அதே சர்வரில் இருக்கும் யாரோ குப்பை அஞ்சல் அனுப்பினால் உங்கள் கடிதமும் குப்பைத் தொட்டிக்குப் போகலாம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் பதிவு (கடிதம் உண்மையில் அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவுவது) இருக்க வேண்டும். ஹோஸ்டிங்காரர் அதை அமைத்துத் தந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மாந்தோப்புக்காரருக்கு என் யோசனை: அதெல்லாம் வேண்டாம், இருக்கிற ஜிமெயிலும் வாட்ஸப் நம்பரும் போதும். மாம்பழம் வாங்குகிறவர் போன்தான் போடுவார்.

பேக்கப்

“தினமும் பேக்கப் எடுக்கிறோம்” என்பது விளம்பர வாசகம். அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கின என்று இணையத்தை ஆய்வு செய்யும் நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மாதம் ஒருமுறை நீங்களே இறக்குங்கள். வேர்ட்பிரஸ் என்றால் இரண்டு துண்டு: டேட்டாபேஸ் ஒன்று, கோப்புகள் அடங்கிய ஃபோல்டர் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. சிபேனல் என்ற நிர்வாகத் திரை இருந்தால் இரண்டையும் சில கிளிக்கில் எடுத்துவிடலாம், வேறு பேனல்களிலும் வழி இருக்கும். வீட்டு லேப்டாப்பில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி.

வாங்கிய முதல் மாதமும், ஒருநாள் மாறும்போதும்

பணம் திருப்பித் தரும் காலம் பல இடங்களில் 30 நாள். அதற்குள் மேலே சொன்ன மீட்புச் சோதனையை முடித்துவிடுங்கள். வேலந்தாவளத்திலோ வண்ணாமடையிலோ இருக்கும் ஒருவரிடம் பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டொமைனுக்குக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்ப வராது. இதற்காகவும்தான் அதைத் தனியாக வாங்கச் சொன்னேன்.

பிறகு எப்போதாவது ஹோஸ்டிங் மாற்றத் தோன்றினால் வரிசை இதுதான். பழைய கணக்கை ரத்து செய்யாதீர்கள். முதலில் டிஎன்எஸ் பதிவில் (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) டிடிஎல் என்ற எண்ணை 300ஆகக் குறைத்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். அந்தக் குறிப்பை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற வினாடிக் கணக்கு அது, அப்படியென்றால் ஐந்து நிமிடம். பேக்கப்பைப் புது இடத்தில் ஏற்றி, அவர்கள் தரும் தற்காலிக முகவரியில் தமிழ் சரியாகத் தெரிகிறதா, படிவம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் டொமைன் பதிவாளரிடம் போய் ஐபி முகவரியை (சர்வரின் எண் முகவரி) மாற்றுங்கள். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் எல்லா இடத்துக்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம்.

டொமைனையும் வேறு பதிவாளருக்குக் கொண்டுபோவதென்றால் பழைய பதிவாளரிடம் மாற்றப் பூட்டைத் திறந்து ஆத் கோடு (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்த டாட் காம் பெயரை முதல் 60 நாள் நகர்த்த முடியாது. ஹோஸ்டிங், டொமைன் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். புதுத் தளம் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழைய சர்வரில் ஏதாவது மின்னஞ்சல் தங்கியிருக்கிறதா என்று பார்த்து இறக்கிக்கொண்டு, அதன்பின் அந்தக் கணக்கை மூடுங்கள்.